தசை இழுக்குறத பாக்கணும்னா எக்ஸ்ரேவா, கிரையோவா, லேசரா? பிஎச்டிக்கு எத எடுக்கறது

அக்கா மக எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டா. கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி தெனமும் கோயமுத்தூருக்கு பஸ்ல போயி வந்து படிச்ச புள்ள, இப்ப பிஎச்டிக்கு நாலு லேபுக்கு மெயில் போட்டு வெச்சிருக்கா, நாலுமே தசை எப்படி சுருங்குதுங்கற சப்ஜெக்ட்தான், ஆனா ஒவ்வொரு லேபுலயும் ஒவ்வொரு மெஷினு. ஒண்ணுல எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன், ஒண்ணுல கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு, ஒண்ணுல லேசர் இடுக்கி, அதான் ஆப்டிகல் ட்வீசர், இன்னொண்ணுல தசை நார கொக்கியில மாட்டி ஃபோர்ஸ் அளக்குற பழைய மெக்கானிக்ஸ் செட்டப்பு. "மாமா எதுல சேரட்டும்"னு கேட்டா. போன்ல சொன்னா பாதி காத்துல போயிரும், இதே கேள்விய வேற புள்ளைங்களும் கேக்குதுங்க, அதனால எழுதியே போட்டுடறேன். நான் எக்ஸ்ரே பக்கம் கொஞ்ச வருசம் குப்ப கொட்டுனவன், அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், அத மனசுல வெச்சுட்டு படிங்க.

மொதல்ல என்னத்த பாக்கப் போறோம்னு தெளிவா இருக்கணும். தசை நாருக்குள்ள சார்கோமியர்னு குட்டி குட்டி யூனிட்டு, ஒண்ணு சுமாரா 2.2 மைக்ரான் நீளம். அதுக்குள்ள தடிச்ச மயோசின் இழை, மெல்லிசா ஆக்டின் இழை, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து நிக்கும். சுருங்கும்போது இழையோட நீளம் கொறையறதில்ல, ஒண்ணு மேல ஒண்ணு நழுவுதுன்னு 1954-ல ரெண்டு டீமு, ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், நேச்சர் பத்திரிகையோட ஒரே இதழ்ல சொன்னாங்க (ரெண்டு ஹக்ஸ்லியும் சொந்தக்காரங்க இல்ல, நெறைய பேரு கொழப்பிக்குவாங்க). நழுவறது அப்பவே முடிஞ்ச கத. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஓடுற கேள்வி என்னன்னா மயோசின் இழையில இருந்து வெளிய நீட்டிட்டு இருக்குற தலைங்க எப்ப கெளம்பி ஆக்டின புடிக்குது, ஒரே நேரத்துல எத்தன தலை புடிக்குது, ஒவ்வொண்ணும் எவ்ளோ தூரம் இழுக்குது, சும்மா இருக்கும்போது எங்க போயி படுத்துக்குதுங்கறதுதான். மேல சொன்ன நாலு மெஷினும் இதுக்குத்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தெரியற பக்கம் வேற.

எக்ஸ்ரே என்ன பண்ணுதுன்னு புரிய வீட்லயே ஒண்ணு செஞ்சு பாக்கலாம், காசு அவ்ளோ ஆகாது. கோழி நெஞ்சுக்கறியில ஒரு துணுக்க எடுத்து ரெண்டு ஊசிய வெச்சு நாரு நாரா பிரிச்சுட்டே போங்க, முடி மாதிரி மெல்லிசா வரணும், தடியா இருந்தா வெளிச்சம் செதறிப்போயி ஒண்ணும் தெரியாது. அத கண்ணாடி ஸ்லைடுல உப்புத்தண்ணி ஒரு சொட்டு விட்டு வெச்சு, செவப்பு லேசர் பாயிண்டர அடிச்சு, பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளப் பேப்பர புடிச்சா, நடுப்புள்ளிக்கு ரெண்டு பக்கமும் மங்கலா ஒரு கோடு விழும். பாயிண்டர் 650 நானோமீட்டர்னா, சார்கோமியர் 2.2 மைக்ரான்னு இருந்தா கோடு நடுவுல இருந்து 3.1 செ.மீ. தள்ளி வரும், கறி ஃப்ரிட்ஜுல சுருங்கிப்போயி 1.7 மைக்ரான் ஆயிருந்தா 4.1 செ.மீ.க்கு போயிரும். அதாவது நாரு சுருங்கச் சுருங்க கோடு வெளிய நகரும். லேசர யாரு கண்ணுலயும் அடிச்சுறாதீங்க, அவ்ளோதான். இதே வேலைய அலைநீளத்த 0.1 நானோமீட்டருக்கு கொறச்சு செஞ்சா அதுதான் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன், சார்கோமியருக்கு பதிலா அதுக்குள்ள மயோசின் தலைங்க எத்தன நானோமீட்டருக்கு ஒருக்கா வரிசையா நிக்குதுன்னு காட்டும்.

சும்மா இருக்குற தசையில மயோசின் தலைங்க சுருளா நிக்கும், 43 நானோமீட்டருக்கு ஒருக்கா அதே வரிசை திரும்ப வரும், 14.3 நானோமீட்டருக்கு ஒரு அடுக்கு. டிடெக்டர மூணு மீட்டர் தள்ளி வெச்சா 43-ஓட கோடு நடுவுல இருந்து 7 மில்லிமீட்டர்ல, 14.3-ஓடது 21 மில்லிமீட்டர்ல, ஆக்டினோட 2.73 நானோமீட்டர் புள்ளி 11 சென்டிமீட்டர்ல விழும். தசைய தூண்டி விட்டா 14.34-ல இருந்தது 14.57 ஆவுது. கணக்கு போட்டு பாத்தா டிடெக்டர்ல வெறும் 0.33 மில்லிமீட்டர் நகர்வு, பிலாட்டஸ் மாதிரி டிடெக்டர்ல ஒரு பிக்சலே 0.172 மில்லிமீட்டர், ஆக மொத்தம் ரெண்டு பிக்சலு. இந்த ரெண்டு பிக்சலுக்குத்தான் கோடிக்கணக்குல மெஷின கட்டி ராத்திரி முழிச்சு கெடக்கறோம். ஆனா அந்த ரெண்டு பிக்சல் ஒரு பெரிய விசயத்த சொல்லுது, மயோசின் இழையோட அமைப்பே மாறுதுன்னு. பக்கவாட்டுல பாத்தா 1,0 புள்ளி, 1,1 புள்ளின்னு ரெண்டு, இழைங்க அறுகோணமா அடுக்கியிருக்கறதுல இருந்து வர்றது, சுருங்கும்போது 1,0 மங்கி 1,1 பிரகாசமாவும், அதாவது தலைங்க மயோசின் பக்கம் விட்டு ஆக்டின் பக்கம் போயிருச்சுன்னு அர்த்தம். இது ஃபோர்ஸ் ஏறுறதுக்கு முன்னாடியே நடக்குது. தசை உயிரோட, இழுத்துட்டு இருக்கும்போதே, மில்லிசெகண்டு கணக்குல இத பாக்கலாம்ங்கறதுதான் எக்ஸ்ரேவோட கெத்து, வேற எந்த மெஷினுக்கும் இது வராது.

ஆரம்பத்துல இப்படி இல்ல. ஹியூ ஹக்ஸ்லி கேம்பிரிட்ஜுல 1950 வாக்குல செஞ்சப்ப மணிக்கணக்கா எக்ஸ்போஷர் வெச்சு ஃபிலிம்ல புடிக்கணும். 1971-ல ஹாம்பர்க்ல ரோசன்பாம், ஹோம்ஸ், விட்ஸ் மூணு பேரும் எலக்ட்ரான் சுத்துற சிங்க்ரோட்ரான்ல இருந்து சும்மா வீணாப்போற எக்ஸ்ரேய எடுத்து பூச்சி தசை மேல அடிச்சு படம் புடிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா சிங்க்ரோட்ரான்ல புரோட்டீன் படம் எடுக்கறாங்களே, அந்த வழிய தொறந்து விட்டது தசைதான். நம்ம ஆளுங்களுக்கும் நார் டிஃப்ராக்ஷன் புதுசில்ல, எர்ணாகுளத்துல பொறந்த ஜி.என். ராமச்சந்திரன் மெட்ராஸ்ல ஒக்காந்துட்டு, கங்காரு வால் தசைநாண்ல எடுத்த எக்ஸ்ரே படத்த வெச்சுதான் கொலாஜனுக்கு மூணு இழை சுருள்னு சொன்னாரு, அதுவும் அதே 1954.

இப்ப எக்ஸ்ரேவோட ஓட்டை. வர்றது முழுக்க சராசரி. நென்மாறை வல்லங்கி வேலைக்கு தூரத்து வயல் வரப்புல நின்னுட்டு செண்ட மேளம் கேக்கற மாதிரி, தாளம் மாறுனா தெரியும், எல்லாரும் ஒண்ணா அடிக்கறாங்களா கலஞ்சுட்டாங்களான்னு தெரியும், ஆனா மூணாவது வரிசையில நிக்கற ஆளு கை எந்த கோணத்துல இருக்குன்னு தெரியாது, தாளத்துக்கு ஒட்டாம அடிக்கறவன் அடிக்கறதே கேக்காது. வரிசையில நிக்காத தலைங்க படத்துலயே வராது, பின்னணியில கரைஞ்சுரும். அதுக்கு மேல ஃபேஸ் தகவல், அதாவது அலைங்க ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ முன்ன பின்ன வந்துச்சுங்கறது, போயிரும், அதனால படத்த திருப்பி உருவமாக்க நேர் வழி கெடையாது, மாடல் போட்டு இது பொருந்துதா அது பொருந்துதான்னு பாக்கணும், ரெண்டு மாடல் ஒரே மாதிரி பொருந்துனா சண்டதான். அந்த சண்ட இந்த ஃபீல்டுல நாப்பது வருசமா ஓடிட்டே இருக்கு.

அங்கதான் கிரையோ வருது. சாம்பிள திடீர்னு உறைய வெச்சு, ஐஸ் படிகம் கட்டறதுக்கு முன்னாடியே கண்ணாடி மாதிரி ஆக்கி, எலக்ட்ரான்ல நெறைய படம் எடுத்து சேத்து முப்பரிமாண உருவமா ஆக்கறது, 2017 நோபல் இதுக்குத்தான். தசையில இதோட பெரிய அடி 2023-ல விழுந்துச்சு. இதய மயோசின் இழையோட அமைப்ப ரெண்டு டீமு ஒரே நேரத்துல நேச்சர்ல போட்டாங்க, ஒண்ணு மனுச இதயம், இன்னொண்ணு எலி இதயம். தலைங்க மடங்கி படுத்திருக்கறது, மூணு அடுக்கும் ஒரே மாதிரி இல்லாதது, மயோசின் இழைய புடிச்சுட்டு நிக்கற மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி எப்படி மேல ஓடுது, டைட்டின்ங்கற நீளமான புரோட்டீன் எங்க போகுதுன்னு எல்லாம் பளிச்சுன்னு. எக்ஸ்ரே காரங்க 1967-ல இருந்தே 'வரக்கூடாத' சில புள்ளிங்க வருதே, அடுக்கு சமமா இல்ல போலன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஏன்னு படமா காட்டினது கிரையோதான். இந்த இடத்துல எக்ஸ்ரே தோத்துச்சுன்னு ஒத்துக்கணும்.

ஆனா கிரையோவுல இருக்கறது அசையாத தசை. எதுவுமே இழுக்கல, ரெண்டு டீமுமே மாவகாம்டென்ங்கற மருந்த போட்டு தலைங்கள படுக்க வெச்சுதான் படம் எடுத்தாங்க. இழுத்துட்டு இருக்கும்போது என்ன நடக்குதுன்னு கேட்டா அதுகிட்ட பதில் கம்மி. வேலையா பாத்தா கம்ப்யூட்டர் முன்னாடிதான் பாதி நேரம், பிசிக்ஸ் புள்ளைங்களுக்கு பழகிரும், அப்புறம் முக்கியமான ஒண்ணு, கிரையோ கத்துட்டா தசைய விட்டுட்டு வைரஸு ரைபோசோமுன்னு எங்க வேணா வேலைக்கு போலாம், பெங்களூருலயே மெஷின் இருக்கு, மருந்து கம்பெனிக்காரனும் கூப்புடுவான். எக்ஸ்ரே தசை டிஃப்ராக்ஷன் கத்தவனுக்கு உலகத்துலயே போறதுக்கு கைவெரல் விட்டு எண்ணுற இடம்தான்.

லேசர் இடுக்கி பத்தி சுருக்கமா சொல்றேன். ஒரே ஒரு மயோசின் தலை, அது மேல ஒரு ஆக்டின் இழை, ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் குண்டு, குண்ட லேசர்ல புடிச்சு வெச்சுட்டு தலை இழுக்கறத நேரா பாக்கறது. 1994-ல ஃபைனர், சிம்மன்ஸ், ஸ்புடிச் மூணு பேரும் ஒரு இழுப்புக்கு 11 நானோமீட்டர், 3-லருந்து 4 பிகோநியூட்டன்னு அளந்தாங்க. அழகான எக்ஸ்பெரிமென்ட், பிசிக்ஸ் மனசுக்கு இதுதான் முதல்ல புடிக்கும், எனக்கும் புடிக்கும். ஆனா தசைக்குள்ள தலைங்க தனியா இல்ல, கூட்டமா, இழையும் நீளற இழை. 2007-ல தவள நாருல எக்ஸ்ரேவையும் மெக்கானிக்ஸையும் சேத்து வெச்சு பாத்தப்ப ஒரு தலைக்கு 6 பிகோநியூட்டன் வாக்குல வந்துச்சு, எடை கூடுனா ஒவ்வொரு தலையும் அதிகமா இழுக்கல, இழுக்கற தலைங்களோட எண்ணிக்கைதான் கூடுதுன்னு தெரிஞ்சுது. தனியா புடிச்சு வெச்ச ஒத்த தலைகிட்ட இந்த விசயத்த கேக்கவே முடியாது. ஒத்த மூலக்கூறுதான் புடிக்கும்னு இருக்கறவங்க போங்க, தசை புரியணும்னு இருக்கறவங்களுக்கு அது பாதி வழி.

நாலாவது, வெறும் மெக்கானிக்ஸ் லேபு. எல்லாரும் இத கேவலமா பாக்கறாங்க, பழைய கால வேலைன்னு. நான் சொல்றேன், இத தெரியாம எக்ஸ்ரேக்கு போனா அங்க போயி நிக்கறதுல அர்த்தமே இல்ல. பீம்லைன்ல, அதான் சிங்க்ரோட்ரான்ல எக்ஸ்ரே வந்து விழுற எக்ஸ்பெரிமென்ட் எடத்துல, என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூணு நாலு மில்லிமீட்டர் நீளத்துல ஒரு நாரு, ரெண்டு முனையிலயும் அலுமினியத் தகடுல வெட்டுன குட்டி டி வடிவ கிளிப்பு, ஒரு பக்கம் ஃபோர்ஸ் டிரான்ஸ்டியூசர் கொக்கி, இன்னொரு பக்கம் மோட்டார் கொக்கி. ரெண்டு கொக்கியிலயும் மாட்டறதுக்குள்ள மூச்ச கூட மெதுவா விடணும். அப்புறம் லேசர அடிச்சு சார்கோமியர் நீளத்த செட் பண்ணி, கால்சியம் உள்ள தண்ணிய மாத்தி, ஃபோர்ஸ் மேல ஏறி நின்ன உடனே ஷட்டர தொறந்து மூடி, நார மேலயும் கீழயும் நகத்திட்டே இருக்கணும், ஒரே எடத்துல பீம் பட்டா நாரு செத்துரும், செத்துச்சான்னு எப்படி தெரியும்னா ஃபோர்ஸ் எறங்கும். ஆக மொத்தம் படம் நல்ல படமா இல்லையான்னு சொல்லறதே ஃபோர்ஸ் கோடுதான். அது இல்லாத டிஃப்ராக்ஷன் படம் சும்மா காலண்டர் படம்.

2015-ல வந்த ஒரு பேப்பர் இதுக்கு நல்ல சாட்சி, ஃபிளாரன்ஸ்காரங்களும் லண்டன் கிங்ஸ் காலேஜ்காரங்களும் கிரெனோபிள் சிங்க்ரோட்ரான்ல செஞ்சது. கால்சியம் வந்தா ஆக்டின் தொறந்துக்கும், அவ்ளோதான் சுவிட்சுன்னு எல்லாரும் படிச்சோம். இவங்க தவள நார தூண்டி விட்டு, எடையே இல்லாம சுருங்க விட்டு படம் எடுத்தாங்க, பாத்தா மயோசின் இழை இன்னும் தூங்கிட்டுதான் இருக்கு. எடை ஏறுனாத்தான் அது முழிக்குது. அதாவது ரெண்டாவது சுவிட்ச் ஒண்ணு மயோசின் இழைக்குள்ளயே, இழுவைய உணர்ந்து தொறக்கறது. எக்ஸ்ரே மட்டும் இருந்தாலும் வராது, மெக்கானிக்ஸ் மட்டும் இருந்தாலும் வராது.

சரி எக்ஸ்ரேன்னு முடிவு பண்ணுனா அடுத்த கேள்வி எந்த தசை. இதுல தப்பா எடுத்தா அஞ்சு வருசம் போயிரும்.

தவள கிளாசிக். நாலு டிகிரி குளிர்ல மணிக்கணக்கா உயிரோட இருக்கும், படம் தெளிவா வரும், பழைய அளவுங்க எல்லாம் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல நடக்காது. கொச்சியில இருந்து தவளக்கால் கப்பல் ஏறுன காலம் உண்டு, 1987-ல எக்ஸ்போர்ட்டயே நிறுத்திட்டாங்க, காட்டு உயிரின சட்டமும் இருக்கு, வயல்ல கத்துதேன்னு புடிச்சுட்டு வர முடியாது. வெளிநாட்டு லேப்லயும் தவள நார ஒத்தையா உரிச்செடுக்கறது கைப்பழக்கம், அதுக்கே ரெண்டு வருசம்.

பூச்சி தசை அழகுக்கு ராணி. எங்க பாலக்காட்டு வயல் பக்கம் மொத மழைக்கு டியூப்லைட்டுல வந்து டமார்னு மோதி விழுமே பெரிய தண்ணிப்பூச்சி, அந்த குடும்பத்துல லெத்தோசீரஸ்னு ஒண்ணு, அதோட பறக்குற தசையில இழைங்க அவ்ளோ ஒழுங்கா அடுக்கியிருக்கும், புள்ளிங்க கோலம் போட்ட மாதிரி வரும். 1965-லயே ரீடி, ஹோம்ஸ், ட்ரெகியர் இதுலதான் தலைங்க கோணம் மாறுதுன்னு காட்டுனாங்க. அப்புறம் 2013-ல ஜப்பான் ஸ்பிரிங்-8ல இவாமோட்டோவும் யாகியும் பம்பிள்பீங்கற தேனீ ஒண்ண உயிரோட றெக்க அடிக்க விட்டு செகண்டுக்கு 5000 ஃபிரேம் எக்ஸ்ரே எடுத்தாங்க. எனக்கு கேட்டா சந்தோசத்துக்கு இதுதான். ஆனா வேலைன்னு வரும்போது பூச்சிக்கு காசு குடுக்கறவன் யாரு.

அதனால பாலூட்டி தசை, அதுலயும் இதயம். சவ்வ உரிச்சுட்டு கிளிசரால்ல போட்டு மைனஸ் இருவதுல வெச்சா மாசக்கணக்கா கெடக்கும், முயலும் பன்னியும் இப்படித்தான் நடக்குது. தொல்லை ரெண்டு. ஒண்ணு, சவ்வு போனதும் இழை அடுக்கு ஊதிப்போயிரும், டெக்ஸ்ட்ரான்ங்கற பெரிய சர்க்கரை மூலக்கூற சேத்து அமுக்கணும். ரெண்டு, பாலூட்டி மயோசினுக்கு குளிர் ஆகாது, சில்லுன்னு வெச்சா தலைங்க வரிசை கலஞ்சு 43-ஓட கோடே காணாமப் போயிரும், இருவத்தஞ்சு டிகிரிக்கு மேல வெச்சாத்தான் ஒழுங்கா நிக்கும், அங்க நாரு சீக்கிரம் கெடும். குளிர்ல வெச்சு எடுத்த படத்த வெச்சுட்டு ஓய்வு நிலை இதுதான்னு சொல்ற பேப்பர் பாத்தா நம்பாதீங்க.

இதயம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் நம்ம ரத்தத்துலயே இருக்கு. மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி ஜீன்ல 25 எழுத்து காணாமப்போன ஒரு மாற்றம், 2009-ல வந்த ஆய்வுப்படி தெற்காசியாவுல நூத்துக்கு நாலு பேருகிட்ட இருக்கு, இதயத்தசை நோயோட சம்பந்தம்னு சொன்னாங்க, எவ்ளோ ஆபத்துன்னு அப்புறம் சர்ச்சையும் வந்துச்சு. அந்த புரோட்டீன் ஒக்காந்திருக்கறது மயோசின் இழை மேலதான், எக்ஸ்ரேல அதுக்குன்னு தனி கோடும் வருது. மாவகாம்டென் 2022-ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி வாங்கிருச்சு, அது தலைங்கள படுக்க வெக்குதுன்னு பன்னி இதயத் தசையில காட்டுனதும் எக்ஸ்ரேதான். இங்க கேள்வியும் இருக்கு, காசும் இருக்கு.

காசுன்னு சொன்னதும் ஒண்ணு. சிங்க்ரோட்ரான்ல நமக்கு ஒதுக்கற நேரம், அதான் பீம்டைம், ஓசி, புரபோசல் எழுதி ஜெயிச்சா போதும், ஆனா ஃபிளைட்டு, விசா, சாம்பிள குளிர்ல கொண்டு போறது, அங்க எட்டு மணி நேர ஷிஃப்டு தொடர்ந்து ஓட்ட மூணு ஆளு, இதெல்லாம் கைடு தலையில. மெஷின் வருசக்கணக்கா மூடியும் கெடக்கும், கிரெனோபிள்ல 2018 கடைசியில மூடி 2020-லதான் தொறந்தாங்க, சிகாகோ பக்கத்துல ஆர்கான்ல 2023-ல அப்கிரேடுக்கு நிறுத்துனாங்க. அந்த நேரத்துல சேந்தவன் கத என்னாவும். இந்தூர்ல இன்டஸ்-2 இருக்கு, சிறுகோண பீம்லைனும் இருக்கு, அசையாம நிக்குற சாம்பிளுக்கு பழகிக்க நல்ல எடம், ஆனா மில்லிசெகண்டுல இழுக்கற தசைக்கு இப்போதைக்கு வெளிய போகத்தான் வேணும்.

அதனால புள்ள, என் கணக்கு இதுதான். வீட்ட விட்டு ரொம்ப தூரம் போக முடியாது, அக்கா ஒத்துக்க மாட்டான்னா பெங்களூரு கிரையோ, கண்ண மூடிட்டு சேரு. வெளிய போகலாம்னா இதயத்தசை எக்ஸ்ரே லேபு, ஆனா அதே லேபுல மெக்கானிக்ஸ் ரிக்கு சொந்தமா இருக்கணும், பீம்டைம் இல்லாத மாசத்துல நீ அதுல வேல செய்யலாம். ரிக்கு பக்கத்து டிபார்ட்மென்ட்ல கடன் வாங்கறோம்னு சொன்னா வேண்டாம். இன்டர்வியூல மூணு கேளு, கடைசியா எப்ப பீம்டைம் கெடச்சுது, அதுல எத்தன ஷிஃப்டு, ஓய்வு நிலை படத்த எத்தன டிகிரியில எடுக்கறீங்க. மூணாவதுக்கு கைடு உடனே நம்பர் சொன்னா அன்னிக்கே சரின்னு மெயில் போட்டுரு, யோசிச்சு "ரூம் டெம்பரேச்சர்தான்"னு இழுத்தா எனக்கு போன் பண்ணு.